அம்மாப்பேட்டை குடும்பம் 🏡 வாட்ஸ்அப் குழு: கிரகப்பிரவேசத்துக்கு மீன் தொட்டி

செவ்வாய்

ரமேஷ் சித்தப்பா: 📷 போட்டோ

ரமேஷ் சித்தப்பா: சரவணா தொட்டி வாங்கியாச்சுடா. 2 அடி நீளம் 1 அடி அகலம் 1 அடி உயரம். மோட்டார் கல்லு பில்டர் எல்லாம் சேத்து. நாளைக்கு உன் அழகாபுரம் புது வீட்ல எறக்கிடறேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் உள்ள வரும்போது ஹால்ல மீன் ஓடிட்டு இருக்கணும்

கவிதா: ரொம்ப அழகா இருக்கு சின்ன மாமா 🙏🙏

சரவணன்: எதுக்கு சித்தப்பா இவ்ளோ செலவு

ரமேஷ் சித்தப்பா: இருக்கட்டும்டா. பெரியவன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு குத்துவிளக்கு குடுத்தப்ப ஏற்கனவே நாலு இருக்குன்னாங்க, இது யார் வீட்லயும் இல்ல

பெரியப்பா: அந்த விளக்கு இன்னும் பூஜை ரூம்ல தான் இருக்கு ரமேசு.

விஜயா அத்தை: ஈசான மூலைல வைங்க. 8 தங்க மீன் 1 கருப்பு மீன். வாஸ்து பாத்தவர் சொன்னது. மாத்தக் கூடாது

கார்த்தி பெங்களூர்: அந்த 1 கருப்பு யார் பேர்ல அத்தை 😄

விஜயா அத்தை: கண்ணு பட்டா அது வாங்கிக்கும்டா. சிரிக்காத

பாலு மாமா: ரமேசு, மீனும் வாங்கிட்டியா, இல்ல தொட்டி மட்டுமா?

ரமேஷ் சித்தப்பா: தொட்டி மட்டும் தான் மாமா. மீனு சனிக்கெழம சாயந்திரம் எடுத்துக்கலாம். தண்ணி ஊத்தி ஒரு நாள் விட்டா போதும்னாரு கடைக்காரர்

பாலு மாமா: போதாது.

பாலு மாமா: எல்லாரும் கொஞ்சம் பொறுமையா படிங்க. மீன் மூச்சு விடறதுலயும் கழிவுலயும் அமோனியா வந்துட்டே இருக்கும், தின்னாம கீழ விழுந்த தீனி அழுகினாலும் அதே அமோனியா தான். ஏரில ஆத்துல அது கரைஞ்சு போயிரும், 2 அடி தொட்டில மொத்தமே 55 லிட்டர் தண்ணி, எங்க போகும்? அதைத் தின்னவே ஒரு பாக்டீரியா இருக்கு, அது அமோனியாவ நைட்ரைட்டா மாத்தும், நைட்ரைட்டும் விஷம் தான், அப்பறம் இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும், அது அவ்ளோ கெடுதல் இல்ல, வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்தினா கட்டுல இருக்கும். புதுத் தொட்டில இந்த ரெண்டு பாக்டீரியாவும் போதுமான அளவு இருக்காது. பில்டர் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் ஒட்டி வளந்து வர 4லேர்ந்து 6 வாரம் ஆகும். இதைத் தான் சைக்கிள் ஆகறதுன்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி மீனை விட்டா மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடும், செவுள் ரத்தச் செவப்பா ஆயிரும், துடுப்ப மடக்கிட்டு மூலைல நிக்கும். தண்ணி தெளிவா தானே இருக்குன்னு நாம பாத்துட்டு நிப்போம். அமோனியாவுக்கு நெறம் கெடையாது

திவ்யா ஏற்காடு: 👍

கார்த்தி பெங்களூர்: மீட்டிங்ல இருக்கேன் மாமா நைட் படிக்கறேன்

பெரியப்பா: ஹோமத்துக்கு ஐயர் 4.30க்கே வந்துருவாரு. யாரும் லேட் பண்ணாதீங்க. மாங்கொத்து யார் பொறுப்பு?

சரவணன்: நான் பாத்துக்கறேன் பெரியப்பா

விஜயா அத்தை: 4 வாரமா?? கிரகப்பிரவேசம் ஞாயித்துக்கெழம

பாலு மாமா: மீனுக்கு அது தெரியாதில்ல விஜயா

விஜயா அத்தை: ஹால்ல உக்காந்துட்டு எனக்கு மெசேஜ் போடறீங்க. உள்ள வந்து சொல்லுங்க

கார்த்தி பெங்களூர்: 😂😂😂

புதன்

ரமேஷ் சித்தப்பா: தொட்டி எறக்கியாச்சு. டிவி ஸ்டாண்டு மேல வெச்சுருக்கேன்

பாலு மாமா: அதுல வேண்டாம். தண்ணி கல்லு கண்ணாடி எல்லாம் சேத்து 70 கிலோ வரும். இரும்பு ஸ்டாண்டு போடு, அடில தெர்மாகோல் ஒரு ஷீட் வை, ஸ்டாண்டு ஒரு பக்கம் சாஞ்சிருந்தா அடிக் கண்ணாடி விரிசல் விட்டுரும். கெழக்கு ஜன்னலுக்கு நேரா இருக்கவும் கூடாது, வெயில் பட்டா பாசி புடிக்கும்

விஜயா அத்தை: ஈசானத்துல தான் கெழக்கு ஜன்னல் இருக்கு

பாலு மாமா: அப்ப திரை போடணும்

கவிதா: மாமா என்ன தண்ணி ஊத்தறது? ஆர்ஓ தண்ணி ஊத்தட்டுமா, அது தானே சுத்தம்?

பாலு மாமா: நல்ல கேள்வி கேட்டம்மா. ஆர்ஓ மட்டும் வேண்டாம், அதுல உப்புச் சத்தே இருக்காது, பிஎச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டற அளவு, நெலையா நிக்காது. உங்க வீட்ல காவேரித் தண்ணி, போர் ரெண்டும் இருக்கில்ல? மேட்டூர்லேர்ந்து வர்ற தண்ணில குளோரின் போட்டு தான் விடுவாங்க, அது மீனையும் கொல்லும், நாம வளக்கற பாக்டீரியாவையும் கொல்லும். பக்கெட்ல புடிச்சு ஒரு நாள் முழுக்க தொறந்து வை, இல்லாட்டி ஆன்டி குளோரின் சொட்டு வாங்கி பாட்டில்ல போட்டிருக்க அளவுக்கு விடு. போர் தண்ணின்னா, நம்ம பக்கம் வெள்ளைக்கல் பூமி, மெக்னீசியம் மாதிரி உப்பு சாஸ்தி, அதைத் தான் கடினத் தண்ணின்னு சொல்றது, உங்க பாத்ரூம் கொழாயச் சுத்தி வெள்ளையா படியுதே அது இந்த உப்பு தான். கப்பி, மோலி, பிளாட்டிக்கு அந்தத் தண்ணி ஒத்துக்கும். நியான் டெட்ரா மாதிரி, உப்பு கம்மியான மென் தண்ணில வாழற மீனுக்கு ஒத்துக்காது. இன்னொன்னு, கடினத் தண்ணில பிஎச் பெரும்பாலும் ஏறித் தான் இருக்கும், பிஎச் ஏற ஏற, வெயில் ஏற ஏற, அதே அளவு அமோனியா இன்னும் விஷம் ஆகும். வைகாசி வெயில்ல சேலத்துல அவசரப்படக் கூடாதுன்னு நான் சொல்றது அதனால தான்

கவிதா: சரிங்க மாமா. பாதி பாதி கலந்துக்கறேன்

திவ்யா ஏற்காடு: மாமா இங்க நானும் ஒண்ணு வைக்கலாமா? பாப்பா கேட்டுட்டே இருக்கா

பாலு மாமா: தாராளமா வை. ஆனா கப்பின்னா ஹீட்டர் வேணும், 24 டிகிரிக்கு மேல இருக்கணும். ஏற்காடு குளிர்ல பாக்டீரியா வளர்றதும் மெதுவா தான் நடக்கும், 6 வாரத்துக்கு மேலயும் இழுக்கும். தங்க மீனு தான் குளிர்ந்த தண்ணி மீனு, உங்க ஊருக்கு அது சரி, ஆனா பெரிய தொட்டி வேணும்

விஜயா அத்தை: பாத்தீங்களா தங்க மீன் நல்லதுன்னு இவரே சொல்றாரு

பாலு மாமா: ஏற்காட்டுக்குன்னு சொன்னேன்

பெரியப்பா: திவ்யா, கோடை விழா கூட்டம் எப்படி இருக்கு? சனிக்கிழமையே எறங்கிடுங்க.

திவ்யா ஏற்காடு: ஆமா பெரியப்பா, மலைப்பாதை ஒரே வண்டி. 20 கொண்டை ஊசியும் ஊர்ந்து தான் வரணும். சனிக்கெழம காலைலயே கெளம்பிடறோம்

கார்த்தி பெங்களூர்: வரும்போது மொளகு வாங்கிட்டு வா

கார்த்தி பெங்களூர்: நான் வந்து எறங்கின உடனே யாராச்சும் தட்டுவடை செட் வாங்கி வெச்சிருக்கணும், சொல்லிட்டேன்

சரவணன்: டேய் உனக்கு பந்தில சாப்பாடு இருக்குடா

வியாழன்

ரமேஷ் சித்தப்பா: ஒரு விஷயம். 9 மீனுக்கு அட்வான்ஸ் 500 குடுத்துட்டேன்

பாலு மாமா: ரமேசு…

ரமேஷ் சித்தப்பா: அக்கா தான் குடுக்கச் சொன்னாங்க

விஜயா அத்தை: 👍

ரமேஷ் சித்தப்பா: கொளத்தூர்லேர்ந்து வர்ற மீனாம். நல்ல ரகம்னாரு

பெரியப்பா: கொளத்தூரா? மேட்டூர் பக்கத்துல நம்ம சம்பந்தி ஊரா? அங்க ஏது மீன் பண்ணை?

சரவணன்: சென்னை கொளத்தூர் பெரியப்பா. கலர் மீன் மொத்தமா அங்கேர்ந்து தான் வருது

பெரியப்பா: ஓ சரி.

பாலு மாமா: தங்க மீன் இப்ப விரலளவு இருக்கும், வளந்தா கிட்டத்தட்ட ஒரு சாண் வரும். தின்னுக்கிட்டே இருக்கும், கழிவும் அந்தளவு. 2 அடி தொட்டில 9 விட்டா பில்டர் தாங்காது, அதுவும் சைக்கிள் ஆகாத தொட்டி. ஒரு வாரத்துல வரிசையா மெதக்கும், அப்ப சகுனம் சரியில்லன்னு நீயே தான் பொலம்புவ விஜயா. கிரகப்பிரவேச வீட்ல அது வேணுமா

விஜயா அத்தை: நம்ம அம்மாப்பேட்ட வீட்டுக் கெணத்துல மீன் இல்லையா? கொசுவுக்குன்னு கார்ப்பரேசன்காரங்க விட்டுட்டுப் போனாங்களே. எந்த மோட்டாரு, எந்த பில்டரு, எந்த சொட்டு மருந்து? எத்தன வருசம் இருந்துச்சு

பாலு மாமா: அந்தக் கெணத்துல எத்தன ஆயிரம் லிட்டர் தண்ணி, எத்தன மீன்? உள்பக்கம் கல்லுல கை வெச்சா வழவழன்னு இருக்குமே, பாசியோட சேந்து இந்த பாக்டீரியாவும் அதுல தான் குடியிருந்துச்சு. கெணறு முழுக்க பில்டர் மாதிரி தான். அதைத் தான் இப்ப நாம இந்த சின்ன ஸ்பாஞ்ச்ல வளக்கப் பாக்கறோம்

விஜயா அத்தை: நல்ல கெணறு. இப்ப கார் நிக்குது அது மேல

பெரியப்பா: கிணத்தை மூடினதை மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. எல்லாரையும் கேட்டுத் தான் மூடினது.

விஜயா அத்தை: என்னை யாரும் கேக்கல அண்ணா

ரமேஷ் சித்தப்பா: அக்கா விடு

பெரியப்பா: 🙏

கார்த்தி பெங்களூர்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

திவ்யா ஏற்காடு: கார்த்தி என்னடா போட்ட

கார்த்தி பெங்களூர்: ஸ்டிக்கர். தெரியாம வேற போயிருச்சு

சரவணன்: மாமா அப்ப ஞாயித்துக்கெழம வெறும் தொட்டியா வெச்சுருக்கறது? வர்றவங்க கேப்பாங்களே

பாலு மாமா: வெறும் தொட்டியே அழகு தான்டா, செடி வை, லைட் போடு, ஸ்பாஞ்ச் பில்டர்ல குமிழி வரட்டும். தெனமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடு, அது அழுகி அமோனியா வரும், அது தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. முதல் வாரத்துல தண்ணி பால் கலந்த மாதிரி கலங்கும், பயந்துட்டு மொத்தத் தண்ணியவும் எறக்கிடாத, தானா தெளியும். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கு, காகித ஸ்ட்ரிப்ப விட அதை நம்பலாம். அமோனியா டெஸ்ட்ல டெஸ்ட் டியூப் தண்ணி மஞ்சளா நின்னா சைபர், பச்சை ஏற ஏற அமோனியா ஏறுதுன்னு அர்த்தம். அமோனியா ஏறி எறங்கும், அப்பறம் நைட்ரைட் ஏறி எறங்கும். ரெண்டும் சைபர்ல நின்னு நைட்ரேட் மட்டும் காட்டினா தான் மீன். அப்பவும் ஒரே நாள்ல எல்லாத்தையும் விடக் கூடாது, மூணு நாலா விடணும், அப்ப தான் பாக்டீரியாவும் கூடவே பெருகும்

கவிதா: கடைல ஒரு பாட்டில் குடுத்தாங்க மாமா, பாக்டீரியா பாட்டிலாம். ஊத்தினா உடனே மீன் விடலாம்னு போட்டிருக்கு

பாலு மாமா: ஊத்தும்மா, தப்பில்ல. சில பாட்டில் வேலை செய்யும், வெயில்ல கெடந்து செத்துப் போனதும் இருக்கும். டெஸ்ட் கிட் என்ன சொல்லுதோ அதை நம்பு

வெள்ளி

பாலு மாமா: ராத்திரி யோசிச்சேன். என் தொட்டில பழைய ஸ்பாஞ்ச் ரெண்டு ஓடுது. ஒண்ணைக் கொண்டு வர்றேன். அமுக்கினா காப்பித் தூள் கலர்ல சேறு வரும், அருவருப்பா இருக்கும், அதுல தான் எல்லா உசிரும் இருக்கு. என் தொட்டித் தண்ணிலயே முக்கி டப்பால எடுத்துட்டு வந்து காயறதுக்குள்ள உங்க தொட்டில மாட்டிடறேன். அதை வெச்சு சின்ன மீனா மூணு விடலாம், தெனமும் டெஸ்ட் பண்றதா இருந்தா மட்டும். அமோனியா துளி தெரிஞ்சாலும் அன்னைக்கே தண்ணி மாத்தணும். யார் பண்ணுவீங்க?

கவிதா: நான் பண்றேன் மாமா

பாலு மாமா: அந்த ஸ்பாஞ்ச மட்டும் கொழாய்த் தண்ணில கழுவிடாதம்மா. அழுக்குன்னு வேலைக்கு வர்றவங்க கழுவிடப் போறாங்க, சொல்லி வை. தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணில லேசா அலசினா போதும்

விஜயா அத்தை: மூணு என்ன மீன்?

பாலு மாமா: பிளாட்டி. தங்கக் கலர்ல இருக்கு விஜயா, நானே பொறுக்கி எடுக்கறேன். பின்னாடி ஒண்ணொண்ணா சேத்து 8 ஆக்கலாம், ஒரு பிளாக் மோலி வாங்கி 9 ஆக்கிக்கலாம். உன் கணக்கும் சரியாகும், மீனும் பொழைக்கும்

விஜயா அத்தை: வாஸ்துக்காரரைக் கேட்டு சொல்றேன்

திவ்யா ஏற்காடு: பிளாட்டி குட்டி போடுமே மாமா, 9 எங்க 9ஆ இருக்கும்

பாலு மாமா: போடும் தான். குட்டி உனக்கு. அதுக்குள்ள தொட்டிய ரெடி பண்ணு

சரவணன்: மாமா ஹோமப் புகை ஒண்ணும் பண்ணாதா? ஹால்ல தான் ஹோமம்

பாலு மாமா: நல்லவேளை கேட்ட. ஏர் பம்ப் ரூம்ல இருக்கற காத்தைத் தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடும். ஹோமப் புகை, புது பெயிண்ட் வாசன, கொசு மருந்து எல்லாம் உள்ள போகும். பம்ப் நீள டியூப் போட்டு பால்கனில வெச்சுடு, தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கணும். தொட்டிய மூடி வை. என்னைக் கேட்டா ஹோமம் முடிஞ்சு வீட்டைத் தொறந்து விட்டு மத்தியானத்துக்கு மேல மீன் விடறது தான் சரி

விஜயா அத்தை: எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போனப்பறமா?

ரமேஷ் சித்தப்பா: அந்த 500?

சரவணன்: சித்தப்பா, கடைல தங்க மீனுக்கு பதிலா டெஸ்ட் கிட் கேட்டுப் பாருங்க

ரமேஷ் சித்தப்பா: கேக்கறேன். குடுப்பாரான்னு தெரியல

பெரியப்பா: கரண்ட் ஆபீஸ்ல மெசேஜ் வந்திருக்கு. புதன் பராமரிப்பு, 9லேர்ந்து 5 வரை கரண்ட் கிடையாது.

பாலு மாமா: பாத்தீங்களா, இது முக்கியம். பம்ப் நின்னா ஆக்சிஜன் கொறையும், மீனுக்கும் கஷ்டம் பாக்டீரியாவுக்கும் கஷ்டம். இன்வெர்ட்டர் லைன்ல பம்ப மாட்டு சரவணா, சின்ன பம்ப் தான், கரண்ட் சாஸ்தி இழுக்காது

சரவணன்: இன்வெர்ட்டர் அடுத்த மாசம் தான் மாமா

பாலு மாமா: அப்ப பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு நான் வாங்கிட்டு வர்றேன்

பெரியப்பா: மாப்ள, அந்த ஸ்பாஞ்ச் ரெண்டு இருக்குன்னீங்களே. எனக்கும் ஒரு சின்ன தொட்டி வைக்கலாம்னு தோணுது. கார் ஷெட் பக்கத்துல நெழல் இருக்கு.

விஜயா அத்தை: கெணத்து மேலயா அண்ணா

பெரியப்பா: ஆமா விஜயா. அங்க தான்.

விஜயா அத்தை: வைங்க. நானும் பாக்க வர்றேன்

பாலு மாமா: மச்சான், ஸ்பாஞ்ச் ரெண்டையும் எடுத்துட்டா என் மீனு போயிரும். புதுசு ஒண்ணு வாங்கி என் தொட்டில போட்டு வைக்கறேன், ஒரு மாசம் கழிச்சு எடுத்துக்கங்க

பெரியப்பா: சரி மாப்ள. அவசரம் இல்ல.

கார்த்தி பெங்களூர்: கடைசில ஞாயித்துக்கெழம தொட்டில மீன் இருக்கா இல்லையா? ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டோ அனுப்பறேன்னு சொல்லிட்டேன்

ரமேஷ் சித்தப்பா: இருக்கும்

பாலு மாமா: டெஸ்ட் பாத்துட்டு தான்

விஜயா அத்தை: வாஸ்துக்காரர் போனை எடுக்கல

பெரியப்பா: வாழைமரம் ரெண்டு யார் கொண்டு வர்றீங்க? அதை முடிவு பண்ணுங்க முதல்ல.

ரமேஷ் சித்தப்பா: நான் அண்ணா. சேலம் உழவர் சந்தைல சொல்லி வெச்சிருக்கேன்

பாலு மாமா: கவிதா, சம்ப்ல பிளீச்சிங் பவுடர் ஏதும் போட்டிருக்கா? புது வீடுன்னு கழுவி விட்டிருப்பாங்களே, தண்ணி புடிக்கறதுக்கு முன்னாடி கேட்டுச் சொல்லும்மா