ஸ்கைரிம் குதிரை செங்குத்து மலை ஏறுது: சரி பண்ணணுமா, அப்படியே விடணுமா?

கோட்டை_அகழி:
குதிரை கிளிட்ச் (கேம்ல வர்ற கோளாறு)னாலே "ஜாலியா கீது, விடுப்பா"னு சொல்ற கூட்டத்துக்காக இந்தத் திரி. ஸ்கைரிம்ங்கிற வீடியோ கேம் 2011 நவம்பர் 11 வந்துச்சு. 2016 அக்டோபர் 28 ஸ்பெஷல் எடிஷனும் (புதுப்பிச்ச பதிப்பு) வந்துடுச்சு. இன்னும் குதிரை பாறை மேல பல்லி மாதிரி ஏறுது. நம்ம மலைக்கோட்டையில ஆடு கூட வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறும். கேம்ல ஒயிட்ரன் ஊர் லாயத்துல 1000 கோல்டு (கேம் காசு) குடுத்து வாங்கின குதிரை நேரா ஏறுது. இது தப்பு, மோடு (ஆடுறவங்களே எழுதிச் சேக்குற மாற்றம்) போட்டாவது அடைக்கணும். எதிர்க்கிறவங்க காரணத்தோட வாங்க.

காட்பாடி_ஜங்ஷன்:
அண்ணா, முதல்ல அது நேரா ஏறாது. நேரா விட்டா வழுக்கும். மலையைப் பார்த்து குறுக்குவாட்டுல, இடதும் வலதுமா மாத்தி மாத்தி ஓட்டணும். முன்னாடி போற கீயை விடாம, வழுக்க ஆரம்பிக்கிறப்போ ஜம்ப் அடிக்கணும். சின்ன விளிம்பு கிடைச்சா அங்கேயே நிறுத்தி எஃப்5 சேவ். சரிவுல மட்டும் குதிரையை விட்டு இறங்கிடக் கூடாது, ஆளை எந்தப் பக்கம் இறக்கி விடும்னு சொல்ல முடியாது.

இது நடக்கக் காரணம், குதிரையோட நாலு காலும் தனித்தனியா தரையில பதியுதான்னு கேம் இன்ஜின் (கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருள்) பாக்குறதில்ல. மொத்த உடம்பையும் ஒரே உருண்டைக் கட்டி மாதிரி தள்ளிக்கிட்டுப் போகுது. கட்டியோட அடி ஒரு விளிம்புல பட்டா போதும், நின்னுடும். கால் காத்துல தொங்குறது கண்ணுக்குத்தான் அசிங்கம். கணக்குல அதுக்குக் காலே கிடையாது.

இதை அடைச்சா யாருக்கு லாபம்? தனி ஆள் ஆடுற கேம். பக்கத்து வீட்டுக்காரன் குதிரை ஏறினா நம்ம வீட்டுக் கூரையா இடியுது?

கோட்டை_அகழி:
தம்பி, நட்டம் ஆடுறவனுக்குத்தான். ஐவர்ஸ்டெட் கிராமத்துலேந்து மலை மேல இருக்கிற ஹை ராத்கர் கோயிலுக்குப் போற பாதைக்குப் பேரு 7000 படி (எண்ணினா அவ்வளவு கிடையாது, அது வேற). அந்தப் பாதையிலும் கோயில் வாசல்லயுமா மொத்தம் 10 கல்வெட்டு இருக்கு. பத்தையும் படிச்சா கேம் நேரத்துல 24 மணி நேரத்துக்கு மிருகங்க உன்னைத் தாக்காது. குதிரையில மேற்குப் பக்கமா ஏறினவன் வாசல்ல இருக்கிற கல்வெட்டை மட்டும்தான் பாப்பான். வழியில நிக்கிற ஃப்ராஸ்ட் ட்ரோல்ங்கிற பனி அரக்கனையும் பாக்க மாட்டான். செதுக்கி வெச்சவன் உழைப்பு பூரா வீண்.

இன்னொண்ணு, லிடியா, கேம்ல நம்ம கூட வர்ற வீராங்கனை. துணைக்கு வர்ற ஆளுங்க நேவ்மெஷ்ங்கிற கண்ணுக்குத் தெரியாத வழித்தடத்துல மட்டும்தான் நடப்பாங்க. செங்குத்துப் பாறையில வழித்தடம் கிடையாது. நீ உச்சியில டிராகனோட மல்லு கட்டிக்கிட்டு இருப்ப, அவ அடிவாரத்துல சுத்திக்கிட்டு இருப்பா.

ராணிப்பேட்டை_ரைடர்:
எங்க ஊருக்குப் பேரு வந்ததே தேசிங்கு ராஜாவோட ராணியாலதான்னு சொல்வாங்க. அந்த ராஜா குதிரைக்குக் கூத்துல பாடுற பாட்டுல, வானத்துல பறந்துச்சும்பாங்க, மலையைத் தாண்டுச்சும்பாங்க. நாம கை தட்டலியா? ஸ்கைரிம் குதிரை ஏறினா மட்டும் பிழையா?

லிடியா விஷயம் மட்டும் அகழி அண்ணா சொல்றது கரெக்டு. அதுக்குக் கன்சோலை (கட்டளை அடிக்கிற பெட்டி) திறந்து, அவளோட ரெஃப் ஐடியை (கேம் அவளுக்குக் குடுத்த அடையாள எண்) 'ப்ரிட்' கட்டளையோட அடிச்சு, அடுத்த வரியில 'மூவ்டூ பிளேயர்' போட்டா பக்கத்துல வந்து நிப்பா. தொலைஞ்ச குதிரைக்கும் இதே வழி. ப்ளேஸ்அட்மீ மட்டும் போடாதீங்க. அது இருக்கிற ஆளைக் கூப்பிடாது, புதுசா இன்னொரு நகலை உருவாக்கி விட்டுடும்.

குடியாத்தம்_கியர்:
மலையை விடுங்கப்பா. நிஜமாவே தொந்தரவு குடுக்கிற கிளிட்ச் கேம் தொடக்கத்துலயே கீது. கைதிங்களை ஏத்திக்கிட்டுப் போற குதிரை வண்டி. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படம் மாறுற) மானிட்டர்ல ஃப்ரேம் வேகத்துக்குப் பூட்டு போடாம ஓட்டினா வண்டி குதிக்கும், குட்டிக்கரணம் போடும், சில சமயம் வானத்துக்கே போயிடும். கேமே ஆரம்பிக்காது.

அந்த வண்டி அனிமேஷன் கிடையாது, நிஜமான பிசிக்ஸ்ல இழுபடுது. அந்தக் கணக்கு ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில வர்ற படம்)னு நம்பி எழுதினது. செய்ய வேண்டியது இதுதான்: கிராஃபிக்ஸ் கார்டு கன்ட்ரோல் பேனல்ல ஸ்கைரிமுக்கு மட்டும் அதிகபட்சம் 60 வெச்சுடுங்க. இல்லன்னா விண்டோஸ்ல மானிட்டரையே 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்க. வெறும் வி-சிங்க் (ஃப்ரேமை மானிட்டர் வேகத்தோட பூட்டுற அமைப்பு) போட்டுட்டு "போட்டுட்டேன், இன்னும் குதிக்குது"னு வராதீங்க. 144 மானிட்டர்ல வி-சிங்க் 144-லதான் பூட்டும்.

60-க்கு மேலயே ஆடணும்னா ஸ்கைரிம் ஐ.என்.ஐ. ஃபைல்ல (அமைப்புகள் எழுதி இருக்கிற ஃபைல்) ஹேவாக்ங்கிற பிசிக்ஸ் பகுதியில எஃப்மேக்ஸ்டைம்னு ஒரு வரி சேக்கணும். மதிப்பு, ஒண்ணை ஃப்ரேம் எண்ணால வகுத்தது. 60-க்கு 0.0167, 144-க்கு 0.0069.

காட்பாடி_ஜங்ஷன்:
கியர் அண்ணா, இதுல பாதி விஷம் கீது. 0.0069 வெச்சுட்டு ஃப்ரேம் 70-க்கு இறங்கினா கேம் பாதி வேகத்துல ஊர்ந்து போகும். ஏன்னா ஒரு ஃப்ரேமுக்கு அதுக்கு மேல நேரம் நகரக் கூடாதுன்னு நீங்கதான் கட்டிப் போட்டுட்டீங்க. வேலூர் கத்திரி வெயில்ல, ஏசி இல்லாத ரூம்ல லேப்டாப் 144-ல நிக்குமா? பத்து நிமிஷத்துல சூடாகி தானே வேகத்தைக் குறைச்சுக்கும். எஸ்கேஎஸ்இ (மோடுகள் ஓட உதவுற துணை மென்பொருள்) போட்டு, அதுக்கு மேல டிஸ்ப்ளே ட்வீக்ஸ் மோடு போட்டா ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி அந்த எண்ணை அதுவே மாத்திக்கும். இல்லன்னா 60-ல பூட்டிட்டு நிம்மதியா இருங்க.

குடியாத்தம்_கியர்:
ஒத்துக்கிறேன். வெயிலை மறந்துட்டேன், தப்புதான்.

இந்த வண்டி கேமை எழுதினவங்களையே அழ வெச்சிருக்கு. ஸ்கைரிமை உருவாக்கின பெதஸ்டாவுல வேலை செஞ்ச நேட் பர்க்கிபைல் 2021-ல வெளிய சொன்னாரு. உருவாக்கும்போது வண்டி திடீர் திடீர்னு ராக்கெட் மாதிரி பறந்துச்சாம். தேடினா, காரணம் ஒரு தேனீ. தேனீயைக் கையால பிடிக்க முடியாத பிழை ஒண்ணு இருந்துச்சு. அதைச் சரி பண்ணப் போய் தேனீக்கு மோதுற உடம்பு குடுத்திருக்காங்க, ஆனா அது அசையாத உடம்பா ஆகிடுச்சு. வண்டி தேனீ மேல இடிச்சா தேனீ நகராது, வண்டிதான் பறக்கும்.

கோட்டை_அகழி:
அதேதான் நானும் சொல்றேன். தேனீயை விட்டு வெக்கலையே, சரி பண்ணிட்டுத்தானே வெளியிட்டாங்க!

ராணிப்பேட்டை_ரைடர்:
எல்லாத்தையும் சரி பண்ணா சிரிக்க என்ன மிஞ்சும்? 2015-ல வந்த விட்சர் 3 கேம்ல ஹீரோவோட குதிரை ரோச் கூரை மேல நின்னுச்சு. விசில் அடிச்சா, தூரத்துல இருக்கிற குதிரையை கேமரா பார்வைக்கு வெளிய பக்கத்துல எங்கயாவது கொண்டாந்து வெப்பாங்க. அந்த 'எங்கயாவது' சில நேரம் ஓட்டு வீட்டு மேல. அதுக்கு மருந்து, சுவர் ஓரத்தை விட்டு நாப்பது அடி தள்ளி ரோட்டுக்கு வந்து, கேமராவை வெட்டவெளிக்கு முதுகு காட்டி வெச்சு மறுபடி விசில் அடிக்கிறது. கம்பெனியே தன்னோட க்வென்ட்ங்கிற சீட்டாட்டக் கேம் அட்டையில ரோச் கூரை மேல நிக்கிற படத்தைப் போட்டுச்சு.

ஆம்பூர்_அஞ்சுமணி:
மைன்கிராஃப்ட் கேமோட ஜாவா பதிப்புல, பல பேர் சேந்து ஆட சர்வர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது சிரிப்பு இல்ல. குதிரை மேல ஏறினதும் அதோட நகர்வை ஆடுறவன் கம்ப்யூட்டர்தான் கணக்கு போடும், சர்வர் சரி பாக்கும். நொடிக்கு 4.7 கட்டம் (கேமோட நீள அளவு) ஓடுற நொண்டிக் குதிரைக்குப் பிரச்சனை வராது. 14 கட்டம் ஓடுற குதிரையும் தடுமாறுற நெட்டும் சேந்தா, சர்வர் "வாகனம் ரொம்ப வேகமா நகந்துச்சு"னு லாக்ல எழுதிட்டுப் பின்னாடி இழுத்துடும். இறங்கி, வெளிய போய் மறுபடி உள்ள வரணும். ஓடுற பக்கம் நிலத்தை முன்கூட்டியே உருவாக்கி வெச்சு, சர்வரோட பார்வைத் தூரத்தை 10-லேந்து 7-க்குக் குறைச்சா பெரும்பாலும் அடங்கும்.

படகும் ஏறிப் போறதுதானே, அதையும் சொல்லிடறேன். பழைய ஜாவா வர்ஷன்கள்ல படகோட எவ்வளவு உயரத்துலேந்து விழுந்தாலும் அடி படாது. ஆனா சரியா 12, 13, 49, 51, 111, 114 கட்டத்துலேந்து விழுந்தா படகு உடையும், அடியும் படும். தரையைத் தொடுற டிக்குல (கேம் ஒரு தடவை கணக்கு போடுற நேரத் துண்டு) படகு இன்னும் 'காத்துல' இருக்கிறதாதான் பதிவு இருக்கும், அதனால விழுந்த தூரம் அழிஞ்சுடும். இந்த உயரங்கள்ல மட்டும் முந்தின டிக்குலயே தரைக்கு மயிரிழை மேல வந்து நின்னுடுது. அடுத்த டிக்குல 'தரையில' இருக்கிறதாப் படிச்சு, தூரத்துக்கெல்லாம் சேத்து அடி போட்டுடும். 50-லேந்து குதிச்சவன் பொழைப்பான், 49-லேந்து குதிச்சவன் போயிடுவான்.

கோட்டை_அகழி:
ஆம்பூராரே, உங்க சர்வர்ல இதைச் சரி பண்ணணுமா வேணாமா?

ஆம்பூர்_அஞ்சுமணி:
பண்ணணும். பத்து பேர் ஆடுற இடத்துல ஒருத்தனுக்குத் தெரிஞ்ச உயரம் இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஸ்கைரிம்ல ஒருத்தன்தான், அங்க மலை ஏறுறது அவன் பாடு.

கோட்டை_அகழி:
கல்வெட்டுக்குப் பதில் இன்னும் யாரும் சொல்லல.

காட்பாடி_ஜங்ஷன்:
சொல்றேன். மேற்கால குதிரையில ஏறி, வாசல் கல்வெட்டைப் படிச்சுட்டு, படி வழியா கீழ இறங்கி வாங்க. மிச்சம் ஒன்பதும் வர்ற வழியில, ட்ரோலும் அங்கதான் நிக்கும். லிடியாவும் ஐவர்ஸ்டெட் பக்கம் எங்கயாவது கிடைப்பா.