ஜோடியாகப் போகிற உணவு-வைன் திருவிழா: சென்னைக்கு இது ஒத்துவருமா?

கிண்டி_வடக்கு:
வரும் சனி, ஞாயிறு நகரத்தில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் உணவும் வைனும் சேர்ந்த திருவிழா நடக்கிறது. ஜோடி டிக்கெட்தான். புல்வெளியில் வரிசையாகச் சமையல் கவுண்டர்கள், நாசிக்கிலிருந்தும் நந்தி மலைப் பக்கமிருந்தும் வைன், மாலையில் பாட்டு. நானும் மனைவியும் போகிறோம். ஆபீஸ் குரூப்பில் சொன்னதும் "அந்தக் காசுக்கு மாசம் முழுக்க பிரியாணி சாப்பிடலாமே" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்யாணமானவர்களுக்கு இந்த ஊரில் வார இறுதி என்றால் மால், சினிமா, இல்லாவிட்டால் உறவுக்காரர் வீட்டு விசேஷம். மூன்றிலும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வழியில்லை. இங்கே ஒரு தட்டை வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டு, "எனக்குப் புளிக்குது, உனக்கு?" என்று கேட்டாலே பேச்சு தானாக வரும். அந்த இரண்டு நாளுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

பெரம்பூர்_வாசி:
பேசுவதற்கு வைன் எதற்கு சகோ? 2024 டிசம்பர் 20 முதல் 24 வரை மெரினாவில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்ததே, நினைவிருக்கிறதா? நாங்கள் ஜோடியாகத்தான் போனோம். கரூர் தோல் ரொட்டியும் மட்டன் கிரேவியும் ஒரு தட்டு, நாமக்கல் பள்ளிப்பாளையம் சிக்கன் ஒரு தட்டு. சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் வதங்கிய அந்த வாசம் நாலு கடை தாண்டியும் வந்தது. சமைத்த அக்காவே கரண்டியோடு நின்று, மிளகாயை ஏன் விதை தட்டிப் போட வேண்டும் என்று என் மனைவிக்கு விளக்கினார். நட்சத்திர ஹோட்டல் புல்வெளியில் அந்தப் பேச்சு கிடைக்காது. இன்னொன்று, நம் சாப்பாட்டுக்கும் வைனுக்கும் ஆகவே ஆகாது.

சமையல்கட்டு:
ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அந்தக் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆகாது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. எந்த வைன் என்பதுதான் கேள்வி. மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். 14 சதவீதம் ஆல்கஹால் உள்ள கெட்டியான சிவப்பு வைனைப் பள்ளிப்பாளையம் சிக்கனோடு கொடுத்தால் நாக்கு எரியும், திராட்சைத் தோலின் துவர்ப்பும் மேலே ஏறி வாயே கசந்துவிடும். அதே தட்டோடு ஆல்கஹால் குறைவான, லேசான இனிப்புள்ள வெள்ளை வைனை நன்றாகக் குளிரவைத்துக் கொடுத்துப் பாருங்கள், எரிச்சல் அடங்கும். தவாவில் வறுத்த வஞ்சிரத்துக்கு எலுமிச்சை பிழிகிறோம் இல்லையா, அந்தப் புளிப்பு வேலையைச் செனின் பிளாங்க் என்கிற வெள்ளை வைன் செய்யும். மிளகு வறுவலுக்கு ஷிராஸ் என்கிற சிவப்பு வைன் ஒத்துப்போகும், அதிலேயே மிளகு வாசம் உண்டு. ரசம், வற்றக்குழம்பு பக்கம் மட்டும் வைனைக் கொண்டுபோக வேண்டாம், இரண்டும் கெட்டுப்போகும்.
திறந்தவெளி விழாக்களில் நடக்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. சிவப்பு வைனை "அறை வெப்பத்தில்" என்று சொல்லி அப்படியே மேஜையில் வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் குளிர் ஊர்களின் அறைக்கு வந்தது. சென்னையில் மாலை 30 டிகிரியில் அது மருந்து மாதிரி நாறும். கூச்சப்படாமல் கால் மணி நேரம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர்_வாசி:
நன்றி தம்பி, புதிய விஷயம். ஆனால் விலை? மகாராஷ்டிரா 2001-இலேயே தனிக் கொள்கை போட்டு, வரிச்சலுகை கொடுத்துத் தன் ஊர் வைனை வளர்த்தது. அங்கே நாசிக்கில் சுலா வைன் கம்பெனியின் திராட்சைத் தோட்டத்தில் 2008 முதல் திருவிழா நடக்கிறது என்றால் அதில் நியாயம் இருக்கிறது. திராட்சை அங்கே விளைகிறது, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை, பறிக்கிறதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே மேஜைக்கு வருவது பாட்டில் மட்டும்தான். மண்ணும் இல்லை, தோட்டமும் இல்லை. அதை எப்படி உள்ளூர்த் திருவிழா என்பது?

தாழம்பூ:
நான் வேறொரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அந்தக் கடை வாசலில் ஒரு பெண் போய் நின்றால் எத்தனை பார்வை விழும் என்று இங்கே எழுதுகிற ஆண்களுக்குத் தெரியாது. வருஷத்தில் எப்போதாவது ஒரு கிளாஸ் வைன் குடிக்க எனக்குப் பிடிக்கும். கணவரோடு வெளிச்சத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டோடு, யாருக்கும் பயப்படாமல் குடிக்க இந்த ஊரில் இருக்கிற இடம் இந்த மாதிரி விழாக்கள்தான். மெரினாவில் பள்ளிப்பாளையம் சிக்கன் எனக்கும் உயிர். ஆனால் அதைக் காட்டி இதை வேண்டாம் என்று சொல்வது, "உனக்கு அது போதும்" என்று எனக்காக இன்னொருவர் முடிவு செய்வதுதான்.

மாங்காடு:
தாழம்பூ அக்கா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வளர்ந்த வீடு வேறு. சம்பளத் தேதியில் அப்பா வீட்டுக்கு வருவாரா என்று அம்மா வாசலிலேயே நின்ற வீடு அது. சாராயம் வேறு, வைன் வேறு என்று சொல்வீர்கள். 150 மில்லி வைனில் 12 சதவீதம் என்றாலும் 18 மில்லி ஆல்கஹால் உள்ளே போகிறது. உடம்புக்கு அது கிளாஸின் அழகைப் பார்த்துத் தெரியாது.
2023-இல் மாநாடு, விளையாட்டு நிகழ்ச்சிகளோடு கல்யாண மண்டபத்திலும் சிறப்பு உரிமத்தில் மது பரிமாறலாம் என்று அரசாணை வந்தது. ஊரே எதிர்த்த பிறகுதான் கல்யாண மண்டபத்தை அதிலிருந்து எடுத்தார்கள். எதிர்த்தவர்கள் எல்லோரும் பழைய பஞ்சாங்கம் இல்லை. குடும்பம் கூடுகிற இடத்தில் குடி சாதாரணமாகிவிட்டால் வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு அங்கே நிற்க இடமில்லாமல் போகும். என் பயம் அதுதான்.

கிண்டி_வடக்கு:
மாங்காடு, நீங்கள் சொன்னதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் குடிக்க மாட்டார். நாங்கள் போவதே அவருடைய யோசனைதான், அவருக்குச் சாப்பாடுதான் முக்கியம். ஆனால் இருவருக்கும் ஒரே விலை. அவருக்கு மாற்றாகத் தருவது கோலாவும் பாட்டில் தண்ணீரும். இது சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நுழைவு டிக்கெட் சாப்பாட்டுக்கு மட்டும் என்று வைத்துவிட்டு, கிளாஸுக்குத் தனிக் கூப்பன் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சமையல்கட்டு:
அந்தக் கோலா விஷயம் எங்கள் தொழிலுக்கே வெட்கம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுத்த தோல், உள்ளே விதை, பிய்த்தாலே பன்னீர் வாசம். அதைத் தோலோடு லேசாகச் சூடாக்கிப் பிழிந்து, வடிகட்டி, குளிரவைத்து, கொஞ்சம் உப்பும் மிளகும் தட்டினால் வஞ்சிரத்துக்கு அருமையாகச் சேரும். பெரம்பூர் அண்ணன் கேட்ட மண் அதில் இருக்கிறது. குடிக்காதவருக்கும் அதே கண்ணாடிக் கிளாஸில் அதைக் கொடுக்க வேண்டும், ஸ்ட்ரா போட்ட பேப்பர் கப்பில் கொடுக்கக் கூடாது.

பெரம்பூர்_வாசி:
அது இருந்தால் நானும் ஒரு நாள் வருகிறேன். அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: வண்டியை எடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் வழி உண்டு. இரண்டு கிளாஸ் பலருக்கு அந்த வரம்பைத் தாண்டிவிடும். மெட்ரோ இரவு 11 வரை ஓடுகிறது.

தாழம்பூ:
குடிக்காத மனைவிதான் வண்டி ஓட்டணும் என்று எழுதி வைக்காத ஒரு சட்டமும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. அவரும் விழாவுக்குத்தான் வருகிறார், டிரைவர் வேலைக்கு வரவில்லை. மெட்ரோவோ வாடகைக் காரோ, இரண்டு பேருக்கும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மாங்காடு:
கூப்பன், பன்னீர் திராட்சை எல்லாம் நல்ல யோசனை. என் நிலை மாறவில்லை, நான் வரமாட்டேன். போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த விழா விளம்பரத்தில் "குழந்தைகளுக்கு விளையாட்டுப் பகுதி" என்று போட்டிருக்கிறார்கள், வரைபடத்தில் பார்த்தால் அது பார் கவுண்டருக்கு அடுத்த பந்தல். சட்டப்படி 21 வயதாகாதவருக்கு அங்கே ஊற்றக் கூடாது, ஆனால் ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு விளையாடலாமா? டிக்கெட் வாங்கிய நீங்கள் போன் போட்டு இடத்தை மாற்றச் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

கிண்டி_வடக்கு:
இன்றைக்கே பேசுகிறேன். பந்தலை மாற்றினார்களா இல்லையா என்பதை இங்கேயே எழுதுகிறேன்.