ரேக்கில் மானிட்டர் பொருத்துவது பற்றி: காசிமேட்டுக் குளிர்பதனக் கிடங்குக்கு ஆலோசனை வேண்டும்

கிடங்குப் பொறுப்பாளர், காசிமேடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர்பதனக் கிடங்கின் அலுவலகப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் தரைத்தள அறையில் 27 யூ (யூ என்பது ரேக் உயரத்தின் அலகு, ஒரு யூ 44.45 மி.மீ.) உயரமுள்ள ரேக், அதாவது கருவிகளைத் திருகி அடுக்கும் உலோக அலமாரி ஒன்று இருக்கிறது. 600 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு. சக்கரங்களின் மேல்தான் நிற்கிறது, தரையோடு எதனாலும் பிணைக்கப்படவில்லை. உள்ளே இரண்டு கேமரா ரெக்கார்டர்கள், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், அடியில் ஒரு யு.பி.எஸ். ஆகியவை உள்ளன.

இரவுக் காவலர் கேமராக் காட்சிகளைப் பார்ப்பதற்காக, இந்த ரேக்கிலேயே ஒரு மானிட்டர் பொருத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர், கீபோர்டும் 17 அங்குலத் திரையும் சேர்ந்து இழுப்பறை போல வெளியே வரும் 1 யூ வகையை ரேக்கின் உச்சியில் மாட்டிவிடலாம் என்கிறார். தரையில் போல்ட் அடிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, அவசியமில்லை என்று சொல்லிவிட்டார். அறையின் பழைய சாக்கெட்டில் மூன்று முனை பிளக் சரியாக இறங்காததால், இரண்டு முனை அடாப்டர் ஒன்றைப் போட்டு மானிட்டரை இணைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்.

எங்கள் ஆட்கள் ஐஸும் மீனும் கையாண்ட ஈரக் கையோடு அறைக்குள் வந்து போவார்கள் என்பதால், இந்த இரண்டு பதில்களும் எனக்கு நிம்மதி தரவில்லை. பகலில் மட்டும் ஏ.சி. ஓடும். வாசலிலேயே கனரக லாரிகள் நின்று கிளம்பும். இந்தச் சூழலில் எப்படிப் பொருத்துவது பாதுகாப்பானது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரேக் பணி, பெரம்பூர்

ஐயா, போல்ட் அவசியமில்லை என்ற பேச்சை ஏற்காதீர்கள். உள்ளே தள்ளி மூடியிருக்கும்வரை இழுப்பறை மானிட்டரால் எந்தத் தொல்லையும் கிடையாது. அதை வெளியே இழுக்கும்போதுதான் ரேக்கின் எடைமையம் முன்பக்கம் நகர்கிறது. போதாக்குறைக்கு, அதன் முன்னால் நிற்பவர் கீபோர்டின் மேல் கையை ஊன்றிக்கொள்வார். மானிட்டரின் எடையோடு மனிதரின் எடையையும் ரேக் தாங்கியாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரேக்கும் மற்ற கருவிகளும் சேர்ந்து 80 கிலோ என்றும், முன் சக்கரங்கள் ரேக்கின் முகப்பிலிருந்து 8 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 60 செ.மீ. ஆழத்தின் நடுப்புள்ளி, முன் சக்கரக் கோட்டிலிருந்து 22 செ.மீ. பின்னால் வருகிறது. ரேக்கை நிலையாக நிறுத்தும் விசைத்திருப்பம், அதாவது எடையையும் தூரத்தையும் பெருக்கிய அளவு, 80 × 22 = 1,760. மறுபக்கம், 12 கிலோ இழுப்பறையின் எடைமையம் முகப்புக்கு 25 செ.மீ. முன்னால், அதாவது சக்கரக் கோட்டிலிருந்து 33 செ.மீ. தள்ளி இருந்தால், 12 × 33 = 396. முகப்பிலிருந்து 50 செ.மீ. முன்னால் ஒருவர் இரண்டு கைகளையும் ஊன்றி 25 கிலோ அளவுக்குப் பாரம் கொடுத்தால், 25 × 58 = 1,450. இரண்டும் சேர்ந்து 1,846. ரேக் முன்னால் கவிழ்வதற்கு இதுவே போதும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு காவலர் 25 கிலோ பாரம் கொடுப்பது அரிதான செயலன்று.

ஆகவே ரேக்கைத் தரையோடு ஆங்கர் போல்ட் கொண்டு பிணைத்த பிறகுதான் எந்த இழுப்பறையையும் மாட்ட வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே ஓர் இழுப்பறையை மட்டுமே வெளியே இழுக்கலாம் என்பதையும் அங்குள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். கனமான யு.பி.எஸ். அடியில் இருப்பது சரியான ஏற்பாடு. அதை இடம் மாற்ற வேண்டாம்.

ஆனால் அதற்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 600 மி.மீ. ஆழமுள்ள ரேக்கில், முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே கிடைக்கும் தூரம் அதைவிட நன்றாகவே குறைவு. இழுப்பறை மானிட்டர்கள் பெரும்பாலும் ஆழமான சர்வர் ரேக்குகளுக்கென்று செய்யப்படுபவை; அவற்றின் பக்கத் தண்டவாளங்கள் நான்கு தூண்களிலும் பிடித்தாக வேண்டும். டேப்பை வைத்து இரண்டு தூண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, மானிட்டரின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பின் தூணில் பிடிப்பில்லாமல் முன் காதுகளில் (முன்பக்கத் திருகுப் பட்டைகளில்) மட்டும் தொங்கவிடும் இழுப்பறை, நாளடைவில் முன்பக்கம் சரிந்து, திருகுகளைப் பிய்த்துக்கொண்டு வரும்.

மின்பணியாளர், தண்டையார்பேட்டை

மேலே நண்பர் ரேக்கின் எடையைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். நான் அந்த இரண்டு முனை அடாப்டரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் ஈரக் கைகள் புழங்கும் அறையில் மற்ற எதையும்விட அபாயமானது அதுதான்.

மூன்று முனை பிளக்கோடு வரும் மானிட்டர், எர்த் இணைப்பு உண்டு என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது. ரெக்கார்டர், ஸ்விட்ச், மானிட்டர் ஆகியவற்றின் மின்வழங்கிப் பகுதியில், இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறிய மின்தேக்கிகளை மின்கம்பிக்கும் உலோக உடலுக்கும் இடையில் வைத்திருப்பார்கள். கருவி பழுதில்லாமல் ஓடும்போதும் அவற்றின் வழியாக மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் எர்த் கம்பிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். எர்த்தைத் துண்டித்துவிட்டால் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் இல்லை; கருவியின் உடலும் அதைத் திருகிப் பிடித்திருக்கும் ரேக்கும் 230 வோல்ட்டின் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதக்கத் தொடங்கும். ரேக்கைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்று ஏறும் அந்த உணர்வு இதனால்தான். ஒவ்வொரு கருவியின் கசிவும் சிறிதாக இருந்தாலும், ஒரே ரேக்கில் எல்லாம் கூடிவிடும். இதோடு உள்ளே மின்காப்பும் பழுதானால், ரேக்கின் மொத்த உடலும் முழு மின்னழுத்தத்துக்குப் போய்விடும்; எர்த் இல்லாததால் ஃபியூஸும் போகாது.

சாக்கெட்டை மாற்றுங்கள். அடாப்டர் கூடவே கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்றை அந்த அறையின் இணைப்பில் போடச் சொல்லுங்கள். மீட்டரில் ஃபேஸ்–எர்த் இடையிலான அளவு ஃபேஸ்–நியூட்ரல் அளவுக்குப் பக்கத்திலும், நியூட்ரல்–எர்த் இடையிலான அளவு ஓரிரு வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். மீட்டர் அளவு மட்டும் போதாது, ஏனென்றால் ஏறத்தாழ அறுந்துபோன எர்த் கம்பியிலும் டிஜிட்டல் மீட்டர் நல்ல அளவைக் காட்டிவிடும். எர்த்தின் தரத்தை அதற்குரிய சோதனைக் கருவியால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரேக்குக்கும் தனியாக ஒரு எர்த் கம்பி வேண்டும். கம்பி முனையின் லக்கை (திருகுவதற்கான துளையுள்ள உலோக முனையை) பெயிண்டின் மேல் திருகினால் பயன் இல்லை. அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். கண்ணாடிக் கதவின் உலோகச் சட்டத்துக்கும் ஒரு பின்னல் கம்பி போக வேண்டும், ஏனென்றால் கீலை எர்த் இணைப்பாக நம்ப முடியாது. காசிமேட்டில் கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம் என்றால், குளிர்பதன ஆலையில் அம்மோனியா பயன்படுத்துகிறீர்கள் எனில் அதன் கசிவு இன்னொரு பக்கம். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். செம்பு லக்கைச் சுற்றிப் பச்சையாகப் பொடி பூத்திருந்தால், துடைத்துவிட்டு மேலே இறுக்குவதோடு நிறுத்தாமல், லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள் (கம்பியின் மேல் நசுக்கிப் பொருத்துங்கள்).

மானிட்டரின் மின் இணைப்பை, ரெக்கார்டர் இருக்கும் அதே யு.பி.எஸ். வரிசையிலிருந்தே எடுங்கள். ஒன்றை யு.பி.எஸ்.ஸிலும் மற்றொன்றைச் சுவரிலும் செருகினால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வீடியோ கேபிளின் உறை வழியாக ஓடித் திரையில் கோடுகளைக் கொண்டுவரும், சில வேளைகளில் போர்ட்டையும் கெடுத்துவிடும். சிறிய எல்.இ.டி. மானிட்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பளு பற்றிய கவலை வேண்டாம்.

கிடங்குப் பொறுப்பாளர், காசிமேடு

இருவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னபடி அளந்து பார்த்தேன். தூண்களுக்கு இடையே 46 செ.மீ.தான் கிடைக்கிறது, ஒப்பந்தக்காரர் காட்டிய இழுப்பறையின் உடல் 58 செ.மீ. நீளம் என்று அதன் கையேட்டில் இருக்கிறது. அது இந்த ரேக்குக்கு ஆகாது என்பது உறுதியாகிவிட்டது. மின்பணியாளர் வந்து சாக்கெட்டைத் திறந்தபோது, எர்த் கம்பி முனையிலிருந்து கழன்று பெட்டிக்குள் சும்மா கிடந்தது. அதைச் சரிசெய்யும் வேலை நடக்கிறது.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, இழுப்பறைக்குப் பதில் என்ன வாங்குவது? மற்றொன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த அறைக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. ரேக்கைத் தரையோடு போல்ட் செய்துவிட்டால் அதை மேலே தூக்க முடியாதே என்று முதலாளி கேட்கிறார்.

ரேக் பணி, பெரம்பூர்

ஐயா, இழுப்பறை ஆகாமல் போனது ஒரு விதத்தில் நல்லதே. அது எப்போதாவது ஒருமுறை சர்வரைத் திறந்து பார்ப்பவர்களுக்கானது. இரவு முழுவதும் பார்க்கப்படும் திரையை இழுத்து வைத்தபடியே விடுவது சரியான பயன்பாடு அல்ல. உங்களுக்கு ஏற்றது, ரேக்கின் முகப்பில் திருகி நிற்கும் நிலையான பலகை மானிட்டர். 17 அங்குலச் சதுரத் திரையின் உயரம் சுமார் 27 செ.மீ.; சட்டத்தோடு சேர்த்து 8 யூ எடுத்துக்கொள்ளும் என்று கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மானிட்டரைத் தட்டின் மேல் நிற்கவைத்துக் கட்டிவிடும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். உங்கள் வாசலில் லாரி கிளம்பும் அதிர்வுக்கு அது நிற்காது.

முதலாளியின் கேள்விக்கு விடை, ஒரு கான்கிரீட் பீடம். 15 செ.மீ. உயரத்துக்கு, பழைய தரையில் கம்பி இறக்கி அதோடு பிணைந்த பீடமாக வார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு சக்கரங்களைக் கழற்றிவிட்டு ரேக்கை அதன் மேல் நிறுத்திப் போல்ட் செய்யுங்கள். தண்ணீரிலிருந்து உயரமும் கிடைக்கும், சாயாத பிடிப்பும் கிடைக்கும். அடுக்கிய செங்கல்லின் மேல் ரேக்கை நிறுத்துவது சக்கரத்தில் விடுவதைவிட மோசமானது. அறையில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் மெயினை அணைப்பதோடு யு.பி.எஸ்.ஸையும் அணைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து 230 வோல்ட் அப்போதும் வந்துகொண்டிருக்கும்.

பீடம், சட்டம் எல்லாம் சேர்ந்து மேல் துளை தரையிலிருந்து 140 செ.மீ. அளவில் வரும். மேலே 2 யூவைக் காற்றுத் துளையுள்ள பலகையால் மூடி, அதன் கீழே மானிட்டரைப் பொருத்தினால் திரையின் நடுப்பகுதி ஏறத்தாழ 113 செ.மீ. உயரத்தில் அமையும். நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதுதான் கழுத்துக்கு நல்லது.

பொருத்தும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் திருக வேண்டும். ரேக்கின் சதுரத் துளைகளை உற்றுப் பாருங்கள், அவை சம இடைவெளியில் இருக்காது. 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும், 44.45 மி.மீ. கொண்ட ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குவது அந்தக் குறுகிய 12.7 இடைவெளியின் நடுவில்தான். இதைக் கவனிக்காமல் கூண்டு நட்டை (சதுரத் துளையில் மாட்டும் நட்டை) ஒரு துளை தள்ளி மாட்டினால், ஒரு பக்கத் திருகு இறங்கும், மறுபக்கம் இறங்காது. ஸ்பேனரால் அழுத்தி ஏற்றினால் மரை கெட்டு, சட்டமும் முறுக்கிக்கொள்ளும். எல்லாத் திருகுகளையும் கையால் பாதி ஏற்றி, நிலை சரிபார்த்து, பிறகே இறுக்குங்கள். அதிர்வுக்காக ஸ்பிரிங் வாஷர் சேருங்கள்.

சி.சி.டி.வி. பராமரிப்பு, திருவொற்றியூர்

பொருத்துவது பற்றி எல்லாம் வந்துவிட்டதால், பயன்படுத்துவது பற்றிச் சில வார்த்தைகள் சேர்க்கிறேன்.

மூடிய ரேக்கின் உள்வெப்பம் அறை வெப்பத்தைவிட எப்போதும் கூடுதல். இத்தகைய மானிட்டர்களில் பலவற்றுக்கு 40 டிகிரிதான் மேல் எல்லை. மே மாதத்தில், ஏ.சி. ஓடாத இரவில், ரெக்கார்டர்களின் வெப்பக் காற்று மேலேறி வரும் இடத்தில் இருக்கும் திரைக்கு அந்த எல்லை தூரத்தில் இல்லை. ஒரு சிறிய வெப்பமானியைத் திரையின் பின்னால் தொங்கவிட்டு ஓர் இரவு பார்த்துவிடுங்கள். அளவு அதிகமாக இருந்தால் ரேக்கின் கூரையில் ஃபேன் போடுங்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் உப்புக் காற்றும் ஈரக் கைகளும் உள்ளே போய்விடும்.

புதிய மானிட்டர் குளிரூட்டிய இடத்திலிருந்து வந்தால், பெட்டியைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள். நம் கரையோரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டால் உடனே வியர்க்கும். அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அதே காரணத்துக்காக, ரேக்கின் மேல் ஏ.சி.யின் காற்று நேராக விழாதபடி திசையைத் திருப்பிவிடுங்கள்.

அசையாத கேமராக் கட்டங்களையே நாள்முழுவதும் காட்டிக்கொண்டிருந்தால் அவற்றின் நிழல் திரையில் தங்கிவிடலாம். ஒளியைக் குறைத்து வைத்து, பகலில் யாரும் பார்க்காத நேரத்தில் திரையை அணைத்துவிடுங்கள்; ரெக்கார்டர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். துடைக்கும்போது அணைத்துவிட்டு, பஞ்சு உதிராத மென்துணியைச் சற்றே நனைத்துத் துடைக்க வேண்டும். திரையின் மேல் நேராக எதையும் தெளித்தால் நீர் கீழ்ச் சட்டத்துக்குள் வடிந்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் வேண்டாம்.

திரை வேலை செய்யவில்லை என்று யாரும் பின்மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். லாரி அதிர்வுள்ள இடம் என்பதால், முதல் மாத முடிவில் ஒருமுறையும், பின்னர் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஆண்டுதோறும் ஒருமுறையும், மானிட்டரின் நான்கு மூலைத் திருகுகளையும் எர்த் லக்கையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லி உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.