சின்னப் பிள்ளைகளோடு குடும்ப ஜெபம்: எப்போது, எவ்வளவு நேரம்?

கேள்வி: ஸ்தோத்திரம் சகோதரிகளே. பிள்ளைகளுக்கு 3 வயது, 7 வயது. ராத்திரி 9 மணிக்கு வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்து ஜெபிக்கிறோம். சின்னவள் தூங்கிவிடுகிறாள், பெரியவன் நெளிகிறான். என்ன மாற்றலாம்?

பதில் 1: முதலில் நேரத்தை மாற்றுங்கள் சிஸ்டர். 9 மணி தூக்க நேரம். குளித்து முடித்ததும், சாப்பாட்டுக்கு முன் 7 மணிக்கு உட்காருங்கள். பசி அதிகம் என்றால் ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டு. மொத்தம் 10 நிமிடம் போதும்: ஒரு பாட்டு, வாசிப்பு, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். பாட்டை முதலில் வையுங்கள். ஓடுகிற குழந்தை அதற்குத்தான் வந்து உட்காரும்.

பதில் 2: முழு அதிகாரம் இந்த வயதுக்குத் தாங்காது. மாற்கு 1-ல் மட்டுமே 45 வசனம்! மாற்கு சுவிசேஷத்தில் மொத்தம் 678 வசனம். நாளைக்கு எட்டு என்றால் மூன்று மாதத்தில் முடியும். ஆனால் சம்பவத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள், மறுநாள் தொடர்பு விட்டுப்போகும். பழைய திருப்புதலின் (பழைய வேத மொழிபெயர்ப்பின்) நடை பெரியவனுக்குப் புரியாது, வாசித்ததை ஒருமுறை வீட்டுப் பேச்சில் சொல்லிவிடுங்கள்.

பதில் 3: மனன வசனத்துக்கு 23-ம் சங்கீதம். ஆறே வசனம், வாரத்துக்கு ஒன்று. சின்னவளுக்கு முதல் வரி மட்டும். சேட்டைக்குத் தண்டனையாக வசனம் எழுதச் சொல்லாதீர்கள், வேதம் என்றாலே முகம் சுளிப்பார்கள். அப்பா வேலையிலிருந்து தாமதமானால் காத்திருக்க வேண்டாம். ஞாயிறு வாசிப்பு அவருடையது.