பி.ஏ. இங்கிலீஷ்ல புரொஃபஷனல் ரைட்டிங் பேப்பர்: நம்ம நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

முக்கூடல் பிள்ளை:

பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சவங்க, படிச்சுக்கிட்டு இருக்கவங்க, புரொஃபஷனல் ரைட்டிங் பேப்பர்ல உங்களுக்கு நடந்ததை இங்க சொல்லுங்க. எலக்டிவ் எது எடுக்கலாம்னு ஜூனியர் பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்.

பாளையங்கோட்டையில மூணாவது வருஷம். நாடகம், கவிதை, இலக்கிய வரலாறுன்னு எல்லாம் போக இது ஒரு பேப்பர். மெமோ, ரிப்போர்ட், மினிட்ஸ், ரெசுமே, செய்முறைக் குறிப்புன்னு யூனிட் போகும். இன்டர்னல் அசைன்மென்ட்டுக்கு எங்க மிஸ் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க. இல்லாத கம்பெனிக்கு இல்லாத மேனேஜர் எழுதுற லெட்டர் வேண்டாம். நிஜமா ஒருத்தருக்குத் தேவைப்படுறதை எழுதணும். அதை வச்சு அவங்க காரியத்தை முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாக்கணும். பாக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. மார்க் இங்கிலீஷுக்கு, சோதனை தமிழுக்கு.

எங்க தெருவுல முக்காவாசி வீட்டுல பீடி சுத்துறாங்க. பீடித் தொழிலாளர் பிள்ளைங்களுக்கு மத்திய அரசோட கல்வி உதவித்தொகை உண்டு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு 1,000 ரூபாய், தொழிற்படிப்புன்னா 25,000 வரைக்கும். தேசிய ஸ்காலர்ஷிப் இணையதளத்துல விண்ணப்பிக்கணும். அதுக்கு ஒரு வழிகாட்டி எழுதி அடுத்த வீட்டு மைனி கையில குடுத்தேன். அவங்க பையன் ஒம்பதாங்கிளாஸ்.

மைனி சொளவைத் தள்ளி வச்சுட்டு, கையைப் பாவாடையில தொடச்சுட்டு, பேப்பரை மடியில விரிச்சாங்க. ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் படிச்சாங்க. ஆதார் நம்பர் போட்டாச்சு. ஓடிபி வரணும். போன் சும்மா கெடக்கு. என்னைப் பாக்குறாங்க, நான் பேசக் கூடாது. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏட்டி, ஓடிபி அவியளுக்குல்லா போகும்"ன்னாங்க. மைனி வீட்டுக்காரரு, அந்த அண்ணன், புனலூர்ல டீக்கடையில வேலை பாக்குறாரு. ஆதார்ல இருக்கது அவரு நம்பர். சாயங்காலம் கடையில கூட்டம், போனை எடுக்கவே இல்ல. நேரம் முடிஞ்சு அந்த ஓடிபி செத்துப்போச்சு.

அன்னைக்கு ராத்திரியே வழிகாட்டியோட முதல் வரி மாறிட்டு: "ஓடிபி வரும் போன் யாரிடம் இருக்கிறது? அவருக்கு வேலை இல்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள்." ரெண்டாவது வரி, பீடி அடையாள அட்டையும் பேங்க் பாஸ்புக்கும் பக்கத்துல எடுத்து வச்சுக்கோங்கங்கிறது. அதுக்கு அப்புறம்தான் இணையதளப் பேச்சே வருது. அண்ணன் ரூமுக்குத் திரும்புன பெறகு மைனி தனியாவே முடிச்சுட்டாங்க.

பாடப் புத்தகத்துல ஆடியன்ஸ் அனாலிசிஸ்னு ஒரு அத்தியாயமே இருக்கு. வாசகரோட வயசு என்ன, படிப்பு என்ன, முன்னாலேயே என்ன தெரியும்னு கேக்கச் சொல்லும். போன் யார் கையில இருக்குன்னு கேக்கச் சொல்லாது. மைனி பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காந்ததுலதான் எனக்கு அது கெடச்சுது.

களக்காட்டுப் பொண்ணு:

பணம் வந்துச்சாக்கா?

முக்கூடல் பிள்ளை:

ஸ்கூல்ல சரிபார்ப்பு முடிஞ்சிருக்கு. அடுத்த கட்டம் போகணும். எந்தெந்தக் கட்டத்துல நிக்கும், அதை எப்படிப் பாக்குறதுன்னு இப்ப பின்பக்கத்துல சேத்திருக்கேன். மைனி கேட்டதுதான் அதுவும்.

ஆழ்வார்குறிச்சி:

உனக்கு நல்ல மிஸ் வாய்ச்சிருக்காங்க தங்கச்சி. நான் படிச்ச காலேஜ்ல "ரிப்போர்ட்டின் வகைகளை விவரி"ன்னு கேள்வி வரும், ஒரு வகை விடாம மனப்பாடம் பண்ணி எழுதுவோம். ஒரு ரிப்போர்ட்டைக் கண்ணால பாக்காமலே அந்தப் பேப்பர்ல நிறைய மார்க் வாங்கலாம். எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம் இது. எங்க பேட்ச்ல எழுதக்கூடிய பிள்ளைங்க எத்தனையோ பேர், எழுத்தை நம்பி ஒரு வேலை இருக்குன்னே தெரியாமப் போயிட்டாங்க.

நான் இப்ப தென்காசிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்துல டெக்னிக்கல் ரைட்டர். மென்பொருளை எப்படிப் பயன்படுத்தணும்னு உதவிப் பக்கங்கள் எழுதுறது, புது வெர்ஷன்ல என்ன மாறியிருக்குன்னு எழுதுறது, ஸ்கிரீன்ல வர்ற பிழைச் செய்தியை மனுஷனுக்குப் புரியுற மாதிரி மாத்துறது, இதெல்லாம்தான் வேலை. இன்டர்வியூவுல என்கிட்ட கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் கேக்கல. "சைக்கிள் பஞ்சர் ஒட்டுறது எப்படின்னு தெரியாத ஒருத்தருக்கு எழுதிக் குடுங்க"ன்னாங்க.

எங்க அப்பா சைக்கிள் கடை வச்சிருந்தவங்க. அதனால கை தானா ஓடுச்சு. ஒரு படிக்கு ஒரு வேலை. டியூபைக் கழட்டி, காத்தடிச்சு, தண்ணிச் சட்டியில முக்கி, கொமிழி வர்ற எடத்துல அடையாளம் போட்டாச்சு. அடுத்து டயருக்குள்ள முள்ளு இருக்கான்னு பாக்கணும். அந்தப் படிக்கு முன்னாலயே "வெறும் விரலால் தடவாதீர்கள், துணியால் தடவுங்கள்"ன்னு தனியா எழுதியிருந்தேன். ஏன் இதை முன்னாடி போட்டீங்கன்னு கேட்டாங்க. "அப்பா விரல் கிழிஞ்சு ரத்தம் வந்ததைப் பாத்திருக்கேன். தடவச் சொன்ன பெறகு எச்சரிக்கையைப் படிச்சு என்ன பிரயோஜனம்?"ன்னேன். பெறகு வேலையில சேந்து ஸ்டைல் கைடை, அதாவது எப்படி எழுதணும்னு விதி சொல்ற கையேட்டைப் பிரிச்சுப் பாத்தா, எச்சரிக்கை செயலுக்கு முன்னால வரணும்கிறது விதியாவே இருக்கு.

தமிழ் மீடியத்துல இருந்து வந்த பிள்ளைங்களுக்கு ஒரு விஷயம். விமானப் பராமரிப்புக் கையேடு எழுத ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100-ன்னு ஒரு தரவிதி இருக்கு. செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்கு மேல போகக் கூடாது, விளக்க வாக்கியம் 25. இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் மட்டும்தான்னு தனி அகராதியே உண்டு. இங்கிலீஷைத் தாய்மொழியாப் பேசாத மெக்கானிக்கும் தப்பில்லாமப் படிச்சு வேலை செய்யணும்னே வந்த விதி இது. நம்மளைப் போல ஆளுங்களை மனசுல வச்சுப் போட்டது. நீட்டி முழக்கி எழுத வரலையேன்னு வகுப்புல கூசி உக்காந்திருக்கவங்க, இந்த வேலையில அப்படி உக்கார வேண்டியதே இல்ல. எங்க டீம்ல சுத்தமா எழுதுற ரெண்டு பேர் பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியம்.

துறைமுகம்:

சுருக்கமா. தூத்துக்குடியில ஷிப்பிங் ஏஜென்சியில இருக்கேன், படிச்சது இங்கிலீஷ். கண்டெய்னர் நம்பர், கப்பல் பேரு, சரக்கு உள்ள போக வேண்டிய கடைசி நேரம், இந்த மூணும் ஈமெயிலோட சப்ஜெக்ட்லயே இருக்கணும். எதிர்ல இருக்கவர் போன்ல சப்ஜெக்டை மட்டும் பாத்துட்டுத்தான் எதைத் திறக்கலாம்னு முடிவு பண்ணுவாரு. உள்ள எவ்வளவு பணிவா எழுதியிருந்தாலும், திறக்காத மெயிலுக்குக் கண்டெய்னர் நகராது.

திங்கட்கிழமை:

நான் இந்தப் பேப்பர் நடத்துறவன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். இலக்கியம் படிக்க வந்த பிள்ளைங்களைக் குமாஸ்தா ஆக்குறீங்களேன்னு துறையில மூத்தவங்க சிலர் வருத்தப்பட்டாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா இதுல உடன்பாடு இல்ல. ஒரு கவிதையில யார் பேசுறா, யார்கிட்டப் பேசுறா, கேக்குறவருக்கு என்ன தெரியும்னு முதல் வருஷத்துல இருந்து கேக்கப் பழகுறோமே, அந்தக் கேள்வியைத்தான் ஒரு மனுவுலயும் கேக்கணும். இலக்கியம் நல்லாப் படிக்கிற பிள்ளைங்கதான் என் வகுப்புல இதையும் நல்லா எழுதுறாங்க.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர் நாள். வெளிய உக்காந்து மனு எழுதிக் குடுக்குற ஒரு பெரியவர்கிட்ட அனுமதி கேட்டு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மானூர்ப் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி வந்தாங்க. பட்டா மாறணும். தாத்தா காலத்துல அண்ணன் தம்பி எப்படிப் பிரிஞ்சாங்கங்கிறதுல இருந்து ஆரம்பிச்சாங்க. பெரியவர் குறுக்க பேசல. முழுசாக் கேட்டுட்டு, பேனாவை எடுக்கும் முன்னால மூணு கேட்டாரு: எந்த ஊரு, எந்தத் தாலுகா, சர்வே நம்பர் என்ன? உங்களுக்கு என்ன செஞ்சு தரணும்? இதுக்கு முன்னால யார்கிட்ட மனு குடுத்தீய, ரசீது இருக்கா?

ஏன் இந்த மூணுன்னு ஒரு மாணவி கேட்டா. மனுவை முதல்ல பாக்குறவர் அதைத் தீக்கப் போறவர் இல்லம்மா, எந்தத் துறைக்கு அனுப்பணும்னு பிரிக்கிறவர்னாரு. பொருள்னு போட்ட வரியிலயே துறை தெரியணும். பிரிவினைக் கதை ரெண்டாவது பத்தியில இருக்கட்டும், தாசில்தார் படிப்பாரு. முதல் வாசகர், ரெண்டாவது வாசகர்னு நான் வகுப்புல எத்தனையோ முறை சொன்னது அன்னைக்கு அந்த மரத்தடியிலதான் பிள்ளைங்களுக்குப் பிடிபட்டுச்சு.

இப்ப என் வகுப்புல 2005 தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு விண்ணப்பம் கட்டாயம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிடலாம். காரணம் சொல்லத் தேவையில்ல. முதல் வரைவுல பெரும்பாலும் "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் ரோடு போடவில்லை?"ன்னு இருக்கும். கோபம் நியாயம்தான். ஆனா அலுவலகத்துல பதிவா இருக்க தகவலைத்தான் அவங்க தரணும், ஏன்னு விளக்கம் சொல்லணும்னு இல்ல. அதனால அது "இன்ன தெருச் சாலைப் பணிக்கான பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தப்படி பணி முடிய வேண்டிய தேதி"ன்னு மாறணும். கோபத்தைக் கேக்கத்தக்க மூணு காகிதமா மாத்துறதுக்குள்ள நாலஞ்சு வரைவு ஆயிடும், பிள்ளைங்க சலிக்கிறதில்ல.

எலக்டிவ் தேர்ந்தெடுக்கிறவங்க, இந்த வருஷம் யார் நடத்துறாங்க, அசைன்மென்ட்டை வகுப்புக்கு வெளிய யாராவது படிப்பாங்களான்னு சீனியர்கிட்டக் கேளுங்க. பரிட்சைக்கு மட்டும்தான்னா, வாசகரை நீங்களே உங்க தெருவுல தேடிக்கோங்க, முக்கூடல் பொண்ணு தேடுன மாதிரி.

தகவல் விண்ணப்பத்துக்கு 30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. அதை எழுதுறதுதான் என் வகுப்புல கடைசி அசைன்மென்ட்.