லண்டன் தண்ணீரில் டீ பேக் ருசி பார்க்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிழக்கு லண்டனில் இருக்கிறோம். யார்க்‌ஷயர் டீ, பிஜி டிப்ஸ், டெட்லி, டைஃபூ என்ற நான்கு பிராண்டு டீ பேக்குகளையும் எது எதுவென்று தெரியாமல் குடித்துப் பார்த்து, வீட்டுக்கு ஒன்றை முடிவு செய்யப் போகிறோம். எப்படிச் செய்வது என்று உங்கள் உதவி வேண்டும்.

பெரிய சிக்கல் தண்ணீர்தான். இங்கே குழாயில் வருவது சுண்ணாம்பு நிறைந்த கடின நீர். பால் விடாத டீயைக் கொஞ்ச நேரம் வைத்தாலே மேலே பழுப்பாக ஏடு படிகிறது. கரண்டியால் ஒதுக்கினால் கோப்பை ஓரத்தில் கோடாக ஒட்டிக்கொள்கிறது. நிறமும் மங்கல். யார்க்‌ஷயர் டீயில் கடின நீருக்கென்றே தனிக் கலவை விற்கிறார்கள். அதையும் சேர்ப்பதா, இல்லை எல்லாவற்றையும் வடிகட்டிய நீரில் போடுவதா? தினமும் குடிக்கப் போவது குழாய்த் தண்ணீரில் என்பதால் அதிலேயே பார்ப்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் நேரம். டீ ருசி பார்க்க டீ போடுவதற்கான சர்வதேசத் தரமுறையான ஐஎஸ்ஓ 3103-இன்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். குறைகளைத் துருவிப் பார்க்க அது சரி. மக்கில் ஒரு பையைப் போட்டு 4 நிமிடத்தில் எடுத்துப் பால் விட்டுக் குடிக்கிற எங்களுக்கு அந்தக் கடுப்பு பொருந்துமா? தூளை நிறுத்துப் போட வேண்டுமா, பையோடு போட்டால் போதுமா?

நீலகிரியிலோ இலங்கை மலையகத்திலோ தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்த்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால், நிறம், கடுப்பு, பால் விட்ட பிறகும் நிற்கும் ருசி இவற்றில் எதற்கு அதிக மதிப்பெண் கொடுப்பது என்று சொல்லுங்கள். சர்க்கரை சேர்ப்பதில்லை. சனிக்கிழமை காலையில் தொடங்குகிறோம்.