சர்க்கரை மாத்திரை கிட்னியைக் காக்குமா? அந்த 39 சதவீதம் எங்கிருந்து வந்தது?

தென்றல்77:
அப்பாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறது என்று தெரிந்ததும் டாக்டர் டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதினார், கிட்னி பாதிப்பு 39 சதவீதம் குறையும் என்றார். தொடங்கிச் சில வாரம் கழித்துப் பார்த்தால், ரத்தத்திலிருந்து கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.5-லிருந்து 1.7 ஆகியிருக்கிறது. அப்பா பயந்துபோய் நிறுத்திவிடலாம் என்கிறார். அந்த 39-ஐ யாரை வைத்துக் கணக்கிட்டார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருவேலம்:
நீங்களாக நிறுத்தாதீர்கள், ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். தொடக்கத்தில் இந்த அளவு ஏறுவது எதிர்பார்ப்பதுதான். சர்க்கரை நோயில் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடியே இருக்கும். இந்த மருந்து சர்க்கரையையும் சோடியத்தையும் உடம்பு திரும்ப உறிஞ்சுவதைத் தடுப்பதால், வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய் சற்றுச் சுருங்கி உள்ளே அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் வேகமும் கொஞ்சம் இறங்கும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். ஆய்வுகளிலும் இ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு) முதலில் இப்படித்தான் இறங்கியது, அப்புறம் மருந்து எடுத்தவர்களுக்குச் சரிவு மெதுவானது. 30 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் நீரிழப்பா, வலி மாத்திரையா என்று வேறு காரணம் தேடுவார்கள்.

நூல்வாசி:
39 வந்தது 2020-இல் வெளியான டபா-சிகேடி ஆய்விலிருந்து. 4,304 பேர், எல்லோருக்கும் சிறுநீரில் அல்புமின், மூன்றில் ஒரு பங்கினருக்குச் சர்க்கரை நோயே இல்லை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் இரு தரப்புக்கும் தொடர்ந்தன. சுமார் 2.4 ஆண்டில் சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைவது, செயலிழப்பு, சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் மரணம் இவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் வெற்று மாத்திரையில் 14.5 சதவீதம், மருந்தில் 9.2. இரண்டையும் ஒப்பிட்டு, காலத்தையும் கணக்கில் எடுத்துத்தான் 39 என்கிறார்கள். நான் யாரிடமும் 39-ஐத் தனியாகச் சொல்ல மாட்டேன், கேட்பவர் நூற்றில் 39 பேர் பிழைத்தார்கள் என்று நினைத்துக்கொள்வார். நூறு பேர் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து பேருக்கு அந்த நிலை வராமல் போனது, அவ்வளவுதான். சிறுநீரக ஆய்வில் அது உண்மையிலேயே பெரிய பலன். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள்.

மஞ்சள்வெயில்:
பக்கவாதத்துக்கும் இதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இதே வகை மருந்தான எம்பாகிளிஃப்ளோசினை 2015-இல் சர்க்கரையும் இதய நோயும் உள்ள சுமார் 7,000 பேரிடம் சோதித்தபோது இதய மரணம் 5.9 சதவீதத்திலிருந்து 3.7 ஆனது, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்தது. பக்கவாதம் குறையவில்லை. அதற்கு ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் கொழுப்பு மாத்திரையும்தான், புதுசு வந்ததும் பழையதை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

தென்றல்77:
மிக்க நன்றி. 14.5, 9.2 என்று அப்பாவிடம் சொன்னதும் சரி, தொடர்கிறேன் என்றுவிட்டார். டாக்டரும் கிரியேட்டினினைத் திரும்பப் பார்க்கலாம் என்றார். காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது?

கருவேலம்:
சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்வார்கள், அறுவை சிகிச்சைக்கு முன்பும் அப்படியே. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் கூடி, ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு, அதனால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் குளுக்கோமீட்டர் எண்ணைப் பார்த்துச் சமாதானமாகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.